பாதமறியும் அதிர்வு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே, பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்து பழகிய முதியவரொருவர், நீரிழிவினால் நரம்பு நலிந்து, முள் தைத்ததையும் அறியாதிருக்கும் அபாயத்தை முன்கூட்டியே காட்டவல்ல எளிய கருவி, விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையாகும். ஆயினும், அதைத் தட்டும் வேகமும், பெருவிரல் எலும்பின்மேல் அழுத்தும் பலமும், நோயாளியின் வயதும் கவனமும் பெறுபேற்றை மாற்றிவிடுதலால், ஒரு வைத்தியர் கண்ட முடிவையே மற்றவரும் காண்பாரென்பது நிச்சயமன்று. கண்ணை மூடச் செய்து, அதிராத கவையையும் இடையிடையே வைத்துப் பாராமல், ஒருமுறை தட்டி, “தெரியுதோ ஐயா?” என்று கேட்டு அகல்வதை நான் பரிசோதனையென்று ஒப்பமாட்டேன். 0 முதல் 8 வரை அளவு பொறித்த றைடல்-சைஃபர் கவை, பெறுபேறு ஆளுக்காள் மாறும் குறையை ஓரளவு தணிக்கிறது. மின்னால் அதிரும் பயோதீசியோமீற்றரிலோ, 25 வோல்ற்றைக் கடந்தும் உணர்வு தோன்றாத பாதத்திலே புண் உண்டாகும் அபாயம் அதிகமெனக் கொள்வர்.