உங்களுக்குத் தெரியுமா? சீன எழுத்தில் சோழ நாடு

● சோங் அரச மரபின் வரலாற்று நூல் சோழ நாட்டை இரண்டே எழுத்துகளில் குறிக்கிறது. இன்றைய உச்சரிப்பில் 'ஜூ-நியான்'. முதல் எழுத்தின் பொருள் 'ஊற்றுதல்'. இரண்டாவதன் பொருள், ஆட்கள் இழுத்துச் செல்லும் வண்டி!

● இந்த 'நியான்' எழுத்தின் அமைப்பைப் பாருங்கள். ஆளைக் குறிக்கும் எழுத்து மேலே அருகருகே இரண்டு முறை. கீழே வண்டியைக் குறிக்கும் எழுத்து. வண்டிக்கு முன்னால் நின்று இருவர் இழுக்கிறார்கள் என்றுதான் கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதியும் விளக்குகிறது. மூலவர் நடராசரே தேரேறி வரும் ஆனித் திருவிழாவில், சிதம்பரம் கீழவீதியில் வடம் பிடித்தவர்களுக்கு இந்த எழுத்து ஒருமுறை பார்த்தாலே மறக்காது.

● தொடக்கத்தில் ஆட்கள் இழுத்த எந்த வண்டிக்கும் இதே எழுத்துதான். சின், ஹான் அரச மரபுகளின் காலத்திலிருந்து அது பேரரசர் ஏறும் வாகனத்துக்கே உரியதாயிற்று. இலக்கியச் சீனத்தில் 'நியானுக்குக் கீழே' என்று எழுதினால் தலைநகரம் என்று பொருள்.

● அப்படியானால் சோழருக்குத் தேர்ப்பெருமை கொடுத்தார்களா? இல்லை, ஒலிக்காக மட்டுமே எடுத்தாண்டார்கள். பழைய சீனத்தில் இந்த எழுத்து லகரத்தில்தான் தொடங்கியது. கான்டன் பேச்சில் இன்றும் அது 'லின்'தான். இரண்டு எழுத்தையும் பழைய முறையில் சேர்த்துச் சொன்னால் ஏறக்குறைய 'சூலியென்'. சோழம் காதில் விழுகிறதல்லவா! அயல்நாட்டுப் பெயர்களைச் சீனர் எழுதியிருக்கும் இடங்களில் முதலில் ஒலியைக் கேட்க வேண்டும். பொருள் தேடிப் போனால் வழி தவறிவிடும்.

● ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் சோழ நாட்டுக்கு எழுதிய பெயரின் முதல் எழுத்து 'முத்து'. அதுவும் ஒலிக்காகவே.

● ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் சீனம் போய்ச் சேர 1,150 நாள் ஆயிற்று என்கிறது சீனக் குறிப்பு. 1015இல் அவர்கள் முத்துகளைக் காணிக்கை வைத்தபோது ராஜராஜன் உயிரோடு இல்லை.

● காம்போஜ (கம்போடிய) மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்குக் கொடுத்த கல்லொன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. குலோத்துங்கன் காலத்தில், 1077இல், சீனத்துக்கு இன்னொரு தூதும் போனது.

● இந்தச் சீனக் குறிப்புகளை 1939இல் நூலாகத் தொகுத்துத் தந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த சிதம்பரம் கல்லூரியில் 1920களில் முதல்வராக இருந்தவர் அவர். கடலூர், சிதம்பரம் பக்கத்து வரலாற்று மாணவர்கள் அந்த நூலை அவசியம் படிக்க வேண்டும்.