தானாகப் படிக்கட்டுமே!

"டீச்சர், நான் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் படிக்கிறான். அடுப்பைப் பார்க்க எழுந்து போனா, புஸ்தகத்தை மூடி வெச்சுடறான்!"

மணலி புதுநகரில் ஆசிரியையாக இருக்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியென்றால், கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம் வாருங்கள்.

எங்கள் பகுதியில் அப்பாக்கள் பலருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிள்ளையின் படிப்பு முழுக்க அம்மா தலையில்தான். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால், இருக்கவே இருக்கிறது டியூஷன். பகலில் டீச்சர், சாயங்காலம் டியூஷன் மிஸ், ராத்திரி அம்மா... யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரி, சொல்லித்தர ஆளே இல்லாமல் போனால்?

அப்படியும் ஒரு காலம் வந்ததே! கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. திறந்த அதே மாதம், பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் பெருகி வந்து மணலி புதுநகர் தெருக்களில் புகுந்தது. 2015 மழையையும் 2023 மிக்ஜாம் புயலையும் நாங்கள் மறக்க முடியுமா? இப்படிப் பள்ளி பூட்டிக் கிடக்கும் நாட்களில், ஒரு பக்கத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு நஷ்டம் குறைவு. மற்ற பிள்ளைகளுக்கு? படிப்பு அப்படியே நின்றுவிடும்.

"அதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குத்தான் டீச்சர்" என்பீர்கள். இல்லவே இல்லை. இது பழக்கம். பழக்கினால் வரும்.

ஏணியும் அட்டையும்

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' முறையைத் தொடங்கிவைத்தார். ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான முறைதான் இதற்கு முன்மாதிரி. 2007-ல் இது தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு வகுப்பறை முறை மாறிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய முறையிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல சங்கதி இருக்கிறது.

பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஏணி மாதிரி சுவரில் மாட்டிவிடுவார்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். தனக்கான அட்டையைத் தானே போய் எடுத்து வரும். பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரோரமாகக் கரும்பலகை. நாலு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும், விட்ட படியிலிருந்து தொடரலாம்.

முக்கியமானது, பிள்ளைகள் உட்காரும் ஆறு குழுக்கள். முதல் குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி. இரண்டாவதற்குப் பாதி உதவி. மூன்றாவதில் கூடப் படிக்கும் பிள்ளை உதவும். நான்காவதில் அதுவும் பாதிதான். ஐந்தாவதில் தானே படிக்க வேண்டும். ஆறாவதில் கற்றது வந்துவிட்டதா என்று சோதனை. உதவி படிப்படியாகக் குறைகிறது, பார்த்தீர்களா?

குறையே இல்லாத முறை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் அதிகமாகி, ஆசிரியர் ஒருவராகவே இருந்தால் ஆறு குழுவையும் கவனிப்பது சிரமம். ஆனால் வீட்டில் உங்களுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தானே!

சாரத்தைப் பிரிக்க வேண்டாமா?

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1976-ல் எழுதிய கட்டுரையில், பிள்ளைகளுக்குத் தரும் உதவியை இந்தச் சாரத்தோடுதான் ஒப்பிட்டார்கள். பிள்ளையால் முடியாததை மட்டும் பெரியவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். முடிய ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் சாரம் கட்டுவதில் குறைவில்லை. பிரிக்கத்தான் மனசு வருவதில்லை!

வீட்டில் எப்படிச் செய்வது?

* "தெரியலம்மா" என்று பிள்ளை வந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "எதுவரைக்கும் புரிஞ்சது? எங்கே மாட்டிக்கிட்டே?" என்று கேளுங்கள். பாதிச் சந்தேகம் பதில் சொல்லும்போதே தீர்ந்துவிடும்.

* தப்பை நீங்கள் அழித்துத் திருத்த வேண்டாம். "இந்தக் கணக்குல ஒரு தப்பு இருக்கு, எந்த வரின்னு நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்த இரண்டு நிமிஷப் பொறுமைதான் கஷ்டம்.

* படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். படித்ததையே மறுபடி படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம்தான் நினைவிருந்தது. படித்த பிறகு ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்!

* எதை முதலில் படிப்பது, எப்போது முடிப்பது என்பதைப் பிள்ளையே ஒரு தாளில் எழுதி ஒட்டட்டும். முடித்ததை அடித்துக்கொண்டே வரட்டும். ஸ்கூல் பையையும் அதுவே அடுக்கட்டும்.

* தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கோ சொல்லித்தரச் சொல்லுங்கள். தனக்கு எங்கே புரியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

* ராத்திரி கண் விழித்துப் படிக்க விடாதீர்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள்.

கைவிடுவது அல்ல!

"இனிமே நீயே படிச்சுக்கோ" என்று ஒரே நாளில் எழுந்து போய்விடாதீர்கள். முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த வாரம் அதே அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள். பிறகு அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். மார்க் குறைந்தால் பயந்து மறுபடி ஊட்டிவிட ஆரம்பிக்காதீர்கள். கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு பழக்கியும் பிள்ளை தானாக ஒரு வரி படிக்கத் திணறுகிறதா? புத்தகத்தைக் கண்ணருகே பிடிக்கிறதா? கூப்பிட்டால் திரும்புவதில்லையா? எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கிறதா? சோம்பேறி என்று திட்டாமல் முதலில் கண், காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 'டிஸ்லெக்சியா' எனும் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பரீட்சை நாளில் மட்டும் வயிற்றுவலி, வாந்தி என்றால், மருத்துவரிடம் காட்டுவதோடு பயம் காரணமா என்றும் பக்குவமாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு பாடத்தை மட்டும் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். அதற்குப் பிடித்த பாடமாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த மாதம் இரண்டாவது பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும்போது, பக்கத்தில் உட்காரச் சொல்லி உங்களைக் கூப்பிடாது. ஒரு டம்ளர் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.