'மாப்ள, நீ எங்கடா?' - ஸ்டேட்டஸ் கிளப்பும் 'ஃபோமோ' பயம்

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மதுரைப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குகிறார். உள்ளூர் விடுமுறை மதுரை மாவட்டத்துக்குத்தான். இவனுக்குக் காலையில் செமஸ்டர் தேர்வு. 'ஒரே ஒரு தடவை' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தொடுகிறான். தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டம். கூட்டாளிகள் நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கும் போட்டோ. கீழே, 'மாப்ள, நீ எங்கடா?'

அதற்கப்புறம் எங்கே படிப்பது? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை தானாகப் போனுக்குப் போகிறது.

'நம்மள விட்டுட்டு என்னமோ நடக்குதே' என்கிற இந்தத் தவிப்புக்குத்தான் 'ஃபோமோ' என்று பெயர். 'ஃபியர் ஆஃப் மிஸ்ஸிங் அவுட்' என்பதன் சுருக்கம். ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர் பேட்ரிக் மெக்கின்னிஸ், 2004-ல் அங்குள்ள மாணவர் இதழில் இதை எழுதினார். அப்போது வாட்ஸ்அப்பும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. எந்த விருந்தையும் விட மனசில்லாமல் ஓடிய சக மாணவர்களைத்தான் அவர் கிண்டல் செய்தார்.

ஆக, பயம் பழசு. புதுசு என்னவென்றால், அதற்குக் கெடு வைத்தது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 2016-லும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 2017-லும் வந்தன. இரண்டும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாகூட சில நாள் தாங்கும்! கெடு இல்லாவிட்டால், அந்தப் பையன் பரீட்சைகளை எல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் பார்த்திருப்பான்.

உளவியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கி குழு, ஃபோமோவை அளக்க 10 கேள்விகள் கொண்ட அளவுகோலை 2013-ல் வெளியிட்டது. உறவுகளின் நெருக்கம், தன் திறமை மேல் நம்பிக்கை, தன் விருப்பப்படி நடக்கும் சுதந்திரம் ஆகியவற்றில் குறையை உணர்பவர்களிடம் இது அதிகம் என்று கண்டார்கள். பாடம் நடக்கும்போதே ஃபேஸ்புக் பார்ப்பதோடும் இதற்குத் தொடர்பு இருந்தது.

யோசித்தால், நம்ம பையனுக்கும் அதேதான். அழகரை டிவியிலேயே நேரலையில் காட்டுகிறார்கள். அவன் ஏங்குவது தோளில் கைபோட்டு நின்ற அந்த நாலு பேருக்காக.

தேர்வு முடியும்வரை அவர்களின் ஸ்டேட்டஸை 'மியூட்' செய்துவிடலாம், அவர்களுக்குத் தெரியாது. அதைவிட நல்ல வழி, ஒருத்தனுக்கு நேராகப் போன் போட்டுப் பேசிவிடுவது. வெயில், நெரிசல், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தது என்று ஸ்டேட்டஸில் வராத கதையெல்லாம் அப்போதுதான் வரும்.