7.5 கோடி வாக்கு வாங்கியும் தோற்க முடியுமா? - ட்ரம்ப் சொன்ன கணக்கும் உண்மையும்

2021 ஜனவரி 6. வெள்ளை மாளிகை அருகே திரண்டிருந்த ஆதரவாளர்களிடம் அப்போதைய அமெரிக்க அதிபர் ட்ரம்ப் ஒரு கணக்கு சொன்னார். 2016-ல் தனக்குக் கிடைத்தது 6.3 கோடி வாக்குகள். அது 6.6 கோடி ஆனாலே தோற்க வாய்ப்பில்லை என்று கணிப்பாளர்கள் சொன்னார்களாம். இப்போது 7.5 கோடி வந்தும் தோற்றுவிட்டதாகச் சொல்கிறார்களே என்பது அவரது கேள்வி. கேட்கிறவருக்கு ‘அட, ஆமால்ல?’ என்றுதான் தோன்றும். அந்தக் கூட்டத்தில் இருந்த பலர் அதன்பின் நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்தது தெரிந்ததே.

அவர் சொன்ன எண்கள் பெரிய பொய் இல்லை. 2020 தேர்தலில் ட்ரம்ப் வாங்கியது சுமார் 7.42 கோடி வாக்குகள். பதவியில் இருந்த அதிபர் யாரும் அதுவரை இவ்வளவு வாங்கியதில்லை. அவர் சொல்லாமல் விட்ட எண்ணில்தான் விஷயமே இருக்கு. எதிர்த்து நின்ற ஜோ பைடனுக்குக் கிடைத்தது 8.12 கோடிக்கும் மேல்!

அந்தத் தேர்தலில் ஓட்டு போட வந்த கூட்டமே வேற. 2016-ல் பதிவானவை சுமார் 13.7 கோடி வாக்குகள்; 2020-ல் சுமார் 15.8 கோடி. ட்ரம்ப்புக்கு 1.1 கோடி கூடியது நிஜம். ஆனால், 2016-ல் ஹிலாரி கிளின்டன் வாங்கியதைவிட பைடனுக்கு ஒன்றரை கோடி கூடியது. எதிரணி 350 ரன் அடித்த மேட்ச்சில், ‘போன மேட்ச்சைவிட 50 ரன் அதிகமா 320 அடிச்சோமே’ என்று கேட்பது போலத்தான் இது.

சரி, போன முறையைவிட அதிக வாக்கு வாங்கினால் அதிபர் தோற்கவே மாட்டாரா? 1836-ல் சுமார் 7.6 லட்சம் வாக்குகளுடன் ஜெயித்தவர் மார்ட்டின் வான் பியூரன். 1840-ல் அது 11 லட்சத்தைத் தாண்டியது. ஆனாலும், 12.7 லட்சத்துக்கு மேல் வாங்கிய வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் தோற்றார். தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பராக் ஒபாமாவின் வாக்குகள் 2008-ஐ விட 2012-ல் சுமார் 35 லட்சம் குறைந்தன. ஆனால், ஜெயித்தது அவர்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று: அமெரிக்காவில் நாடு முழுக்க வாங்கிய மொத்த வாக்கு அதிபரைத் தீர்மானிப்பதே இல்லை. மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள்தான் முடிவு செய்யும். இது ட்ரம்ப்புக்கு நன்றாகவே தெரியும். 2016-ல் ஹிலாரியைவிட சுமார் 28.7 லட்சம் வாக்குகள் குறைவாக வாங்கி அதிபரானவர் அவர்.

2020-ல் தேர்வாளர் வாக்குகள் 306-232 என பைடன் பக்கம் போயின. இதில் ஜார்ஜியா மாநிலத்தில் வாக்குகள் மூன்று முறை எண்ணப்பட்டன, அதில் ஒருமுறை முழுக்கக் கையால். வித்தியாசம் 11,779. ஜனவரி 6 பேச்சுக்கு நான்கு நாள் முன்பு, ஜார்ஜியாவின் தேர்தல் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலருக்கு ட்ரம்ப் போன் செய்தார். அதில் கண்டுபிடித்துத் தரக் கேட்டது 7.5 கோடியை அல்ல, 11,780 வாக்குகளை.