எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்?

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் குளிர்கால மழை பெய்து ஓய்ந்தால், மறுநாள் விடிவதற்குள் தரையோடு தரையாக ஒரு மூடுபனி படியும். அங்கே அதற்கு டூலி பனி என்று பெயர். டூலி என்பது அந்தப் பள்ளத்தாக்கின் சதுப்பில் வளரும் ஒரு கோரை. ஆயிரம் அடி மேலே போனால் வெயில் பளீரென்று அடிக்கும். கீழே முன்னால் போகிற காரின் விளக்குகூடத் தெரியாது. கருவிகளை நம்பிப் பறக்கத் தெரியாமல், கண்ணால் பார்த்தே ஓட்டுகிற சிறு விமான விமானிக்கு இந்தப் பனி எமன். வானிலை அறிக்கையில் பார்வைத் தொலைவு இத்தனை மைல் என்று ஒரு எண் இருக்கும்தான். ஆனால், “நேற்று மழை, ராத்திரி காற்றே இல்லை, பத்து மணி வரை பொறுத்துக் கிளம்புங்கள்” என்று சொல்ல, அந்தப் பள்ளத்தாக்கில் நாலு குளிர்காலம் பார்த்த ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த இடங்கள்தான் ஃப்ளைட் சர்வீஸ் ஸ்டேஷன்கள். 1920-ல் விமானத் தபாலுக்காக அமைத்த வானொலி நிலையங்களிலிருந்து வளர்ந்தவை. விமானத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு, இது வேறு. இங்கே இருப்பவர் உத்தரவு போடுவதில்லை, தகவல் சொல்வார். கிளம்பும் முன் போன் செய்தால் வழியில் மழையா, எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எந்த வான்வெளிக்குள் போகக்கூடாது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்வார். பறக்கும்போது வானொலியில் கூப்பிட்டாலும் பதில் கிடைக்கும். கட்டணம் இல்லை. பெரிய விமான நிறுவனங்களுக்குச் சொந்தமாக ஆட்கள் உண்டு. இந்தக் குரலை நம்பியிருந்தவர்கள் சொந்த விமானம் வைத்திருக்கும் விவசாயியும், டாக்டரும், பறக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களும்தான்.

ஒரு காலத்தில் முந்நூறுக்கு மேல் இருந்த நிலையங்கள் 1980-களில் தொடங்கிய சீரமைப்பில் அறுபதை ஒட்டிய எண்ணிக்கைக்கு வந்தன. 2005 பிப்ரவரியில் எஃப்.ஏ.ஏ. எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், அலாஸ்காவை மட்டும் விட்டுவிட்டு, மீதமிருந்த 58 நிலையங்களையும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் கொடுத்தது. மதிப்பு ஏறக்குறைய 190 கோடி டாலர். அரசுக்குப் பத்தாண்டில் 220 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். அக்டோபர் 4-ம் தேதி பொறுப்பு கைமாறியது. அங்கிருந்த ஊழியர்கள் ஒரே நாளில் அரசு ஊழியர் என்ற தகுதியை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஓய்வூதியத் தகுதிக்குச் சில ஆண்டுகளே பாக்கி இருந்தவர்களும் உண்டு. ஊரை நன்றாக அறிந்தவர்களில் பலர் போனது அப்போதுதான்.

சிக்கல் வெடித்தது 2007-ல். வர்ஜீனியாவில் லீஸ்பர்க் பக்கம் ஒன்று, டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் ஒன்று, அரிசோனாவில் பிரெஸ்காட் ஒன்று என மூன்று பெரிய மையங்களைத் திறந்து, புதிய கணினி மென்பொருளையும் கொண்டுவந்து, பழைய நிலையங்களை வாரத்துக்கு வாரம் மூடிக்கொண்டே போனார்கள். பறக்கும் பருவம் தொடங்கும் நேரம் அது. போன் செய்த விமானிகள் அரை மணி நேரம் காத்திருந்ததாகப் புகார் சொன்னார்கள். பாதியில் இணைப்பு அறுந்தது. கடைசியில் எடுத்தவருக்கு விமானி சொன்ன ஊர்ப்பெயர் புரியவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. ஐயாயிரம் அடி உயரத்தில், வறண்ட மலைநாட்டில் இருக்கிறது பிரெஸ்காட். அங்கே இருப்பவர் டூலி பனியைத் திரையில் படிக்கலாம், அவ்வளவுதான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பழகாத ஊர்களை அவசர அவசரமாக அவர் தலையில் ஏற்றியவர்கள் மேல்தான் கோபம்.

காத்திருப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். விமானிகள் பதிவு செய்த ஃப்ளைட் பிளான்கள் புதிய கணினியில் காணாமல் போனதுதான் என்னை உறுத்துகிறது. விமானி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு, கூட எத்தனை பேர் என்று சொல்லிப் பதிவு செய்வார். கிளம்பியதும் வானொலியில் அதைத் ‘திறக்க’ச் சொல்வார். இறங்கியதும் போன் செய்து ‘மூட’ வேண்டும். சேர வேண்டிய நேரம் கடந்து அரை மணி ஆகியும் மூடப்படவில்லை என்றால் தேடல் தொடங்கும். முதலில் விமான நிலையங்களுக்கு போன் போகும். அங்கும் தகவல் இல்லையென்றால் மீட்புப் படை வரைக்கும் போகும். மலைச்சரிவில் விழுந்து காலொடிந்து கிடப்பவருக்கு அந்தப் பதிவை விட்டால் வேறு நாதியில்லை. அது கணினியில் தொலைந்துவிட்டால் அவரைத் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது. நமக்காக ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தான் அவர் பறந்திருப்பார்.

வாஷிங்டனைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வான்வெளியில் தொல்லை வேறு மாதிரி. அங்கே பிளான் பதிவாகாமல் நுழையவே முடியாது. 2005 மே மாதம் வழிதவறி வந்த ஒரு செஸ்னா 150 விமானத்துக்காக நாடாளுமன்றக் கட்டடத்தையே காலி செய்தார்கள், போர் விமானங்கள் பறந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ‘உங்கள் பிளான் எங்களிடம் இல்லையே’ என்று பதில் வந்தால் விமானி என்ன செய்வார்? முறைப்படி எல்லாம் செய்தவர் தரையில் நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் வானொலியில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. சில இடங்களில் விமானி 122.1 அலைவரிசையில் பேசுவார். பதிலை அதே அலைவரிசையில் கேட்க முடியாது. வழிகாட்டும் வி.ஓ.ஆர். நிலையத்தின் அலைவரிசையில் கேட்க வேண்டும். எந்த வி.ஓ.ஆர். என்பதை அவரே சொல்லியாக வேண்டும். 122.2-ஓ நாடு முழுக்கப் பொதுவாக இருந்தது. நிலையம் பக்கத்தில் இருந்த காலத்தில் ஒருவர் கவனித்தது சில வானொலிக் கோபுரங்களைத்தான். விமானி சொல்ல மறந்தாலும் ஊகித்துவிடலாம். பல மாநிலங்களின் கோபுரங்கள் ஒரே மேசைக்கு வந்தபின், இடம் சொல்லாமல் கூப்பிட்டால் எந்த ஊர்க் கோபுரத்தில் பதில் சொல்வது என்று மையத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஆள் இருந்தும் பேச்சு நடக்காது.

அப்போது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கம் குரல் எழுப்பியது. விஷயம் நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. நிறுவனம் ஆட்களைக் கூட்டியது, மறுபயிற்சி கொடுத்தது, காத்திருக்கும் நேரம் குறைந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் விமானிகள் இணையத்தில் தாங்களே வானிலை பார்க்கப் பழகியிருந்தார்கள். அழைப்புகள் குறையக் குறைய மையங்களும் குறைந்தன. 2016-ல் பணி லைடோஸ் நிறுவனத்துக்குப் போனது.

ஒப்பந்தத்தில் சேராத அலாஸ்காவில் இன்றும் எஃப்.ஏ.ஏ. ஊழியர்களே இருக்கிறார்கள். ஃபேர்பேங்க்ஸ், ஜூனோ, கீனாய் என மூன்று மையங்கள் உண்டு; அவற்றோடு சின்னச் சின்ன ஊர்களிலும் நிலையங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். டெனாலி மலைக்குப் போகிற சிறு விமானங்கள் கிளம்பும் டால்கீட்னா அவற்றில் ஒன்று. அங்கே வானொலியை எடுப்பவரும் விமானியும் பார்ப்பது ஒரே வானம்.