தோலோடு சாப்பிடுகிறோம், தோலைப் பற்றிக் கேட்கிறோமா?

கடலூர் பான்பரி மார்க்கெட்டில் பழக்கடை முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் எலுமிச்சையும் சாத்துக்குடியும். தோலில் தழும்பு, கரும்புள்ளி, அங்கங்கே மங்கிய பச்சை. பக்கத்து அட்டைப்பெட்டியில் கப்பலில் வந்த ஆரஞ்சு. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஆளுக்கொரு ஸ்டிக்கர், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. பறித்துப் பல வாரம் ஆகியும் அது வாடாமல் இருக்கக் குளிர்பதனம் ஒரு காரணம். தோல்மேல் பூசும் மெழுகும் பூஞ்சாணக்கொல்லியும் மற்ற காரணங்கள்.

நம் ஊர்ப் பேச்சில் பூஞ்சாணக்கொல்லிக்கும் ‘மருந்து’ என்றுதான் பெயர். தோட்டத்தில் அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. இரண்டிலுமே அளவுதான் முக்கியம்.

ஏன் பூசுகிறார்கள்?

ஆரஞ்சு அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். கீறல் பட்ட இடம் முதலில் நீர்கோத்து மெத்தென்று ஆகும். பிறகு வெள்ளைப் படலம் வட்டமாகப் படரும். அதன் நடுவில் பச்சைப் பொடி. பெட்டியை அசைத்தால் புகை போலப் பறக்கும். பெனிசிலியம் டிஜிடேட்டம் என்ற பூஞ்சாணத்தின் வேலை இது. ஒரு பழத்தில் கிளம்பினால் அதன் வித்துகள் பெட்டி முழுக்கப் பரவும்.

அதைத் தடுக்கத்தான் இமசலில், தையாபெண்டசோல், ஆர்த்தோ பினைல்பினால் போன்ற மருந்துகளில் பழத்தை நனைக்கிறார்கள், அல்லது மெழுகோடு கலந்து பூசுகிறார்கள். இவை தவிர, மரத்தில் பழம் இருக்கும்போதே தெளிக்கும் கார்பெண்டாசிம் போன்றவையும் உண்டு.

உச்சவரம்பு என்பது என்ன?

ஒரு கிலோ பழத்தில் இத்தனை மில்லிகிராம் மருந்துக்கு மேல் எச்சம் இருக்கக் கூடாது என்று அரசு வகுப்பதுதான் எச்ச உச்சவரம்பு. மருந்தை முறைப்படி பயன்படுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்று சோதித்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே வரம்பைச் சற்றுத் தாண்டிய பழம் உடனே விஷம் ஆகிவிடாது. வரம்புக்குள் இருப்பதாலேயே எப்படிச் சாப்பிட்டாலும் கவலையில்லை என்றும் ஆகிவிடாது.

வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஆரஞ்சில் இமசலிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்கிறது. அமெரிக்கா 10 வரை விடுகிறது. அதே அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, விலங்குகளில் நடந்த ஆய்வுகளை வைத்து, இமசலிலைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது.

2012 ஜனவரியில் பிரேசிலிலிருந்து அமெரிக்கா வந்த ஆரஞ்சுச் சாற்றில் கார்பெண்டாசிம் தெரியவந்தது. அமெரிக்காவில் ஆரஞ்சுக்கு அந்த மருந்து அனுமதிக்கப்படவில்லை என்பதால், இறக்குமதியாகும் சாற்றை எல்லாம் சோதிக்க உத்தரவு போனது. நம் நாட்டில் 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிமருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் கார்பெண்டாசிம் இருந்தது.

நமக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு

வரம்பு முழுப் பழத்துக்கும் சேர்த்து, தோலோடுதான் கணக்கிடப்படுகிறது. பறித்த பின் பூசும் மருந்தில் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். சுளைக்குள் போவது கொஞ்சம். தோலை உரித்து எறிபவருக்கு இது ஆறுதல்.

நாம் எறிகிறோமா? எலுமிச்சையை நான்காகக் கீறி உப்பு அடைத்து, வெயிலில் காய வைத்து ஊறுகாய் போடுகிறோம். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கிக் காய வைக்கிறோம். ஆரஞ்சுத் தோலில் குழம்பும் துவையலும் வைக்கிறோம். உப்பும் வெயிலும் பூஞ்சாணத்தைத் தடுக்கும். தோலின் எண்ணெயில் ஊறிய பூஞ்சாணக்கொல்லியை அவை போக்கிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் இமசலில் வரை தினமும் உட்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய அளவு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 0.375 மில்லிகிராம். 200 கிராம் ஆரஞ்சில் ஐரோப்பிய வரம்பு வரை மருந்து இருந்தால் மொத்தம் 0.8 மில்லிகிராம். உரித்துச் சுளையை மட்டும் கொடுத்தால் அதில் பெரும்பகுதி தோலோடு போய்விடும். தோலோடு அரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கான அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இன் 21ஆம் பிரிவு, வரம்பை மீறிய மருந்து எச்சம் எந்த உணவிலும் இருக்கக் கூடாது என்கிறது. வரம்பு தனியாகக் குறிக்கப்படாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. பழத்தின் மேல் தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றைப் பூசலாம். ஆனால் பூசியதை லேபிளில் சொல்ல வேண்டும்.

அந்த லேபிள் மொத்தப் பெட்டியோடு போய்விடுகிறது. தெருவோரத் தள்ளுவண்டியில் அரை கிலோ வாங்குபவர் கண்ணில் அது படுவதில்லை. ஜப்பானில் பறித்த பின் பூசும் பூஞ்சாணக்கொல்லியை உணவுச் சேர்க்கைப் பொருளாகவே கருதுகிறார்கள். அங்கே விற்கும் இடத்திலேயே மருந்தின் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஊறுகாய்க்கும் துவையலுக்கும் பளபளக்கும் இறக்குமதிப் பழம் வேண்டாம். மெழுகு பூசாத உள்ளூர்ப் பழமே போதும். தோலில் தழும்பு இருந்தால் குற்றமில்லை.
* உரிப்பதற்கு முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். உரித்த பின் கையைக் கழுவிவிட்டுச் சுளையைத் தொடுங்கள்.
* சமையல் சோடா கரைசல் ஓரளவு உதவும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஆப்பிளில் செய்த ஆய்வில், 12 நிமிடம் ஊறியதும் ஆப்பிளின் மேல் பூசிய தையாபெண்டசோலில் 80 சதவீதம் நீங்கியது. தோலுக்குள் இறங்கியது நீங்கவில்லை.
* பூஞ்சாணம் பிடித்த பழத்தை, அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள்.
* மருந்துக்குப் பயந்து பழத்தையே நிறுத்திவிடாதீர்கள். வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும் சுளையிலேயே இருக்கின்றன.

கேட்கும் உரிமை நமக்கு உண்டு

அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். உணவு விதிக்கு உட்படவில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகாரும் கொடுக்கலாம்.

கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெட்டியில் எழுதாததை அவராலும் சொல்ல முடியாது. ‘தோலைச் சாப்பிட வேண்டாம்’ என்ற ஒரு வரியைத் தமிழில் பெட்டியிலும் கடைப் பலகையிலும் எழுதச் சொல்வது அரசுக்குப் பெரிய செலவில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் தோலோடு ஊறுகாய் போடும் நாம்தான்.