கீழே வரவர வேகம் கூடும்: ஒரு ராக்கெட் பாகத்தின் ஏழரை ஆண்டுகள்

“செயற்கைக்கோளை விட்டபிறகு ராக்கெட் எங்கே போகும் சார்?” எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் வரும் கேள்வி இது. “கடலில் விழுந்துவிடும்” என்று நாம் சொல்லும் விடை பி.எஸ்.எல்.வி.யின் முதல் மூன்று நிலைகளுக்கே சரி. நான்காம் நிலை செயற்கைக்கோளோடு சுற்றுப்பாதைக்கே போய்விடுகிறது. வேலை முடிந்தபின் அங்கேயே சுற்றுகிறது.

2017 பிப்ரவரி 15 அன்று 104 செயற்கைக்கோள்களைக் கொண்டு சென்ற பி.எஸ்.எல்.வி.–சி37 நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதன் நான்காம் நிலை, மீதி எரிபொருள் வெளியேற்றப்பட்டு, சுமார் 470க்கு 494 கி.மீ. உயரப் பாதையில் விடப்பட்டது. எரிபொருளை ஏன் வெளியேற்ற வேண்டும்? 2001 அக்டோபரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.–சி3இன் நான்காம் நிலை அந்த டிசம்பரில் வெடித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அந்த அனுபவம்தான் காரணம்.

சி37இன் பாகத்தைப் பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பாதுகாப்பு மையம் கண்காணித்தது. ஒரே நேரத்தில் பத்துப் பொருள்கள் வரை தொடரக்கூடிய ரேடார் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. ரேடார் அலை பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவையும், அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் அறிகிறார்கள். இப்படிப் பல அளவீடுகளைச் சேர்த்தே பாதை கணக்கிடப்படுகிறது.

அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. இங்கே வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: காற்று தடுத்தால் அந்தப் பாகத்தின் வேகம் குறையுமா, கூடுமா? என் வகுப்பில் எல்லாக் கைகளும் “குறையும்” என்றே உயர்ந்தன. உண்மையில் கூடும்! தடையால் மொத்த ஆற்றல் குறைய, பாதை தாழ்கிறது. தாழும்போது இழக்கும் நிலை ஆற்றலில் பாதி வெப்பமாகப் போகிறது. மறுபாதி இயக்க ஆற்றலாகிறது. 480 கி.மீ. உயரத்தில் வினாடிக்கு 7.62 கி.மீ. வேகத்தில் சென்ற பொருள், 200 கி.மீ. உயரத்தில் 7.78 கி.மீ. வேகத்தில் செல்லும். பதினொன்றாம் வகுப்பு ஈர்ப்பியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கீழ் வகுப்புகளுக்கு வகுத்தல் கணக்கே போதும். செலஸ்ட்ராக் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி எண்கள் தரப்படுகின்றன. இரண்டாம் வரியின் கடைசிப் பகுதி, அது ஒரு நாளில் எத்தனை முறை பூமியைச் சுற்றுகிறது என்பது. 480 கி.மீ. உயரத்தில் அது ஏறத்தாழ 15.28. ஒரு நாளின் 1440 நிமிடங்களை அதனால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு 94 நிமிடம். இந்த உயரங்களில் நாள்சுற்று 0.1 கூடினால் உயரம் ஏறத்தாழ 29 கி.மீ. குறைந்திருக்கிறது என்று பொருள். வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லலாம். முதலில் கோடு படுத்தே கிடக்கும். கடைசி வாரங்களில் செங்குத்தாக எழும்.

சூரியச் செயல்பாடு மிகும்போது மேல்வளிமண்டலம் விரிந்து தடை கூடுகிறது. 2024 அப்படிப்பட்ட ஆண்டு. அக்டோபர் 6 இரவு, நம் நேரப்படி சுமார் 9.18க்கு, அந்தப் பாகம் வட அட்லாண்டிக் மேல் வளிமண்டலத்தில் நுழைந்தது.

“நம் தலையில் விழுமா?” என்ற அச்சத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். பெரும்பகுதி எரிந்துவிடும், பூமியில் கடலே அதிகம். ஆனாலும் 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்தது. அது ஒரு சீன ராக்கெட்டின் பாகம் எனக் கருதப்படுகிறது. விழும் இடத்தை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாததற்கும் வேகமே காரணம். காட்டாங்குளத்தூரிலிருந்து கன்னியாகுமரி வரையிலான தொலைவை இப்பொருள் ஒன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். நேரத்தில் பத்து நிமிடம் பிசகினால், இடம் 4,600 கி.மீ. தள்ளிப்போகும்.

உயரம் கூடினால் கதையே வேறு. 2011இல் பி.எஸ்.எல்.வி.–சி18 கொண்டுசென்ற மேகா-டிராபிக்ஸ், 867 கி.மீ. உயரத்தில் நூறாண்டுக்கு மேல் சுற்றியிருக்கும். மீதி எரிபொருளைப் பயன்படுத்தி 2023 மார்ச் 7 அன்று அதைப் பசிபிக் கடலில் இறக்கினார்கள். அதே ராக்கெட்டில் சென்ற எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் இன்னும் மேலேதான் இருக்கிறது. அதன் நாள்சுற்று எண் 14.1ஐ ஒட்டி இருக்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே வகுத்துச் சொல்லிவிடுவார்கள்.